வெள்ளிக்கிழமை சத்தம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து பிறந்தது. கடிதத்தை எழுதியவன் நான்தான்.

2005. ஒரகடம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதன் மதிலை ஒட்டி வரிசை வீடுகள். ஐந்தாம் நம்பரில் நான். தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிற பதினோரு பேர் கையெழுத்துப் போட, ‘வெள்ளிக்கிழமைதோறும் எழுப்பப்படும் தேவையற்ற கூச்சலை’ நிறுத்தும்படி தலைமையாசிரியைக்கு எழுதினேன். என் எழுத்துக்கு உடனே பலன் கிடைத்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு நான் எழுதிய கதைகளைப் படித்து யாரும் எதையும் நிறுத்தவில்லை, ஆரம்பிக்கவும் இல்லை.

2

தொடக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்தது: ‘குன்றத்தூர் பஸ்ஸிலிருந்து ஷெர்லின் டீச்சர் இறங்கியதும் பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடிவந்து...’

இல்லை. ஓடி வந்திருக்கலாம். கத்தியிருக்க மாட்டார்கள். கதையே அதுதான்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று ரகசியம் மாதிரி சொல்வார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, இவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனார். முதல் பிரதியில், ஷெர்லின் டீச்சர் அதைக் கேட்டு வருந்தியதாக எழுதியிருந்தேன். நல்லவராகக் காட்ட ஆசை. இருபத்தாறு வயது டீச்சருக்கு அப்படியொரு பாராட்டு கிடைத்தால் வருத்தமா வரும்? தலைகால் புரியாமல் இருந்தார் என்று இப்போது திருத்தியிருக்கிறேன்.

3

நான்காம் வகுப்பு சுகப்பிரியாவின் விரல் பீரோ கதவில் மாட்டிக்கொண்டது. (இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.) டீச்சர் திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் முழுக்கத் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

“வலிக்கலையா கண்ணு?”

“வலிக்கி டீச்சர்.”

“அப்போ அழ வேண்டியதுதான? இன்னாத்துக்கு அடக்கிகினு நிக்கிற?”

“எங்கம்மா உறங்குதாவ டீச்சர்.”

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறாம் நம்பர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் வேல்விழி அக்கா. அவருக்கு இரவு ஷிப்ட், வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட். பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்று அப்படிக் கேட்டு வாங்கியது.

யார் வீட்டிலெல்லாம் பகலில் ஆள் தூங்குகிறது என்று டீச்சர் கேட்டார். இருபத்தாறு கைகள் உயர்ந்தன. குழாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிப்பது, தட்டைத் துண்டின் மேல் வைப்பது, தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்முவது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அதிகாரியின் பாராட்டு எதற்குக் கிடைத்தது என்று டீச்சருக்கு விளங்கியது. அவமானமாக இருந்தது.

4

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைச் சத்தத்துக்கு விடும்படி டீச்சர் கேட்டபோது, தலைமையாசிரியை லூர்தம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம்.

“பாட்டு, டிராயிங், வெளையாட்டு வேணும்னு கேப்பாங்க. நீ இன்னாடான்னா சத்தம் வேணும்ன்ற.”

கொடுத்துவிட்டார். முதல் வாரம் பிள்ளைகள் கத்தச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பெஞ்சைத் தட்டினார்கள். நான்காம் வாரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. சுகப்பிரியா மட்டும் ஜன்னல் வழியாக மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(கத்துவதற்குப் பக்கத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்பீர்கள். நடுவில் டிரைலர் லாரிகள் ஓடும் ரோடு. லாரிச் சத்தத்தில் தூங்குகிறவனுக்குப் பிள்ளைச் சத்தம் ஒரு கேடா என்றும் கேட்பீர்கள். லாரி பழகிவிடும். பிள்ளை கத்தினால் என்னவோ ஏதோ என்று உடம்பு தானாக எழுந்துவிடும்.)

5

ஐந்தாம் வாரம் என் கடிதம் போனது. ஏழாவது கையெழுத்து வேல்விழி அக்காவுடையது. லூர்தம்மாள், “இந்த வெள்ளி ஒண்ணுதான், அதோட முடிச்சுக்க” என்று சொல்லிவிட, டீச்சர் ஆறாம் நம்பருக்கு வந்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். படுத்தபடியே கேட்டேன். மூன்றாம் பகுதியை இதிலிருந்துதான் கட்டினேன்.

“நீங்க கையெழுத்த வாபஸ் வாங்கிக்கினா மத்தவங்களும் ஒத்துப்பாங்க.”

“கம்பெனி லைன்ல கண்ணசந்துட்டேன்னு சூப்பர்வைசர் ரெண்டு மட்டம் எழுதி வாங்கிட்டாரு டீச்சர். மூணாவது மட்டம்னா கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். எம்புள்ள கத்தப் படிச்சு என்ன செய்ய?”

“பீரோ கதவுல அவ வெரல் நசுங்கிச்சுங்க. அப்பகூட கத்தல.”



“எப்போ?”

“போன மாசம்.”

“எந்த வெரலு?”

“ரைட்டு கை, மோதிர வெரல்.”

“நகம் கருத்துக் கெடந்துச்சு. பேனா மசின்னுல்லா நெனச்சேன்.”

பிறகு அக்கா கேட்டார்: “வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு டீச்சர்?”

“மூணரைக்கு.”

6

முடிவு அ: சுகப்பிரியா கத்துகிறாள். கூரை மேலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்து... (காக்கைகள் வேண்டாம். சினிமாத்தனம். கத்தியிருந்தால் அக்கா எழுந்திருப்பார், அன்றிரவு லைனில் கண்ணயர்ந்திருப்பார். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.)

முடிவு ஆ: அவள் கத்தவில்லை. அக்கா நன்றாகத் தூங்கினார், வேலை தப்பியது. இது மோசமான முடிவு என்று உங்களால் சுலபமாகச் சொல்லிவிட முடியும். ஷிப்டுக்குப் போக வேண்டியவர் நீங்கள் இல்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை என் காதில் அடைப்பான் இருந்தது. நான் வேலை பார்த்தது தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், அங்கே காதடைப்பான் கட்டாயம். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும், கேட்டவர்களுக்கெல்லாம் கைநிறையக் கொடுப்பார்கள். அன்று காலை தற்செயலாக ஒரு ஜோடி சட்டைப்பையில் வந்துவிட்டது. பதினோரு ஜோடி கொண்டுவந்திருந்தால் கடிதமே வேண்டியதில்லை. பதினோரு கையெழுத்து வாங்கி அலைந்தவனுக்கு அது தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் கூசுகிறது.

நான்கு மணிக்கு வாளியோடு குழாயடிக்குப் போனேன். மதிலோரம் வேல்விழி அக்கா நின்றிருந்தார். தலை கலைந்து, கண் சிவந்து, ஒரு கை மதில்மேல் இருந்தது. பிள்ளை கத்தியதில் எழுந்தாரா, கத்துவாளா என்று கேட்கவே தூங்காமல் நின்றாரா? என்னைப் பார்த்ததும்,

“.............................................................................”

என்றார். உதடு அசைந்தது. நான் தலையாட்டினேன். அடைப்பானைப் பிடுங்குவதற்குள் உள்ளே போய்விட்டார். திரும்பக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதமே அறையை மாற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரம் பக்கம் போய்விட்டேன்.

மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் சரி, அதற்கும் நான் தலையாட்டிவிட்டுத்தான் போயிருப்பேன்.