தூதருக்கு ஒரு நாற்காலி

“எங்க அப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்க.”

நான் விழுப்புரம் காலேஜில் சேர்ந்த அன்று அப்பா சொல்லியிருந்தார்: “எது வேணா கேளு. எவனையாவது இழுத்துக்கினுகூட வா. ஊர்க்காரங்க எதுர்ல நாற்காலி மட்டும் கேட்டுடாத.” அதே அப்பா, அந்தோணிசாமி, இப்போது முகமெல்லாம் பச்சை பெயின்ட்டும் தலையில் இரண்டு தெர்மாகோல் கொம்புமாக என்னை முறைத்தார்.

திண்டிவனம் பக்கம் எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் தாண்டவராயனின் ரைஸ்மில்தான் நாங்கள் எடுக்கும் குறும்படத்தில் பேரரசரின் விண்கலம். முந்நூறு வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு கிரகங்கள் சமாதானம் பேசுகின்றன. கதை என்னுடையது. டைரக்டர் என் கிளாஸ்மேட் மணிமாறன். மில்லைக் கொடுத்ததால் தாண்டவராயன் பேரரசர். எதிரி கிரகத்துத் தூதர் அப்பா. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன்.

மில்லில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது என்றார்கள். ஆபீஸ் ரூமில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். போங்கடா என்று எங்கள் சர்ச்சிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டேன்.

அப்பா விளிம்பில் உட்கார்ந்தார். “ஆக்‌ஷன்” என்றான் மணிமாறன். தாண்டவராயன் தங்கக் கலர் போர்வையோடு உள்ளே நுழைந்தார். அப்பா விருட்டென்று எழுந்தார்.

திரும்ப எடுத்தோம். திரும்பவும் எழுந்தார். அடுத்த டேக்கில் கொம்பைக் கழற்றி அக்குளில் வேறு வைத்துக்கொண்டார்.

“நான் எங்கம்மா எழுந்திரிக்கிறேன்? காலு எழுந்திரிக்குது.”

“வுடு ரோஜா” என்றான் மணிமாறன். “நிக்கிறதே நேச்சுரலா இருக்குது. அப்படியே வெச்சிக்கலாம்.”

தாண்டவராயன் போர்வையைச் சரிசெய்தார். “அந்தோணி பழகின ஆளு. அவர ஏம்மா பேஜார் பண்ற? ஊருக்கும் காலனிக்கும் நடந்த அந்தக் கலாட்டாவுக்கு அப்புறம் இப்பத்தான் ரெண்டு பக்கமும் சமாதானமா போய்க்கினு இருக்குது.”

“நாங்க எழுந்து நின்னாதான் சமாதானமா போகுமா சார்?”

“ரோஜா, வேணாம்” என்றார் அப்பா. அவர் அக்குளிலிருந்த கொம்பைப் பிடுங்கி என் தலையில் மாட்டிக்கொண்டேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“நான்தான் தூதர். எடு.”

“ஆக்‌ஷன்.”

பேரரசர் வரவில்லை. வாசலிலேயே நின்றார். “மொதல்ல அது எழுந்திரிக்கட்டும். வர்றேன்.”

மணிமாறன் என் காதருகே குனிந்தான். “ஒரே ஒரு செகண்ட் எழுந்திரு. எடிட்ல வெட்டிடறேன்.”

“முந்நூறு வருஷச் சண்டையே அந்த ஒரு செகண்டுக்குத்தான்டா. நீ இன்னும் கதையே படிக்கலையா?”

அவன் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றான். நான் எழுந்தேன்.

தாண்டவராயன் முகம் மலர்ந்துவிட்டது. “கேமரா ஓடுதா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே கம்பீரமாக நடந்து வந்தார். நான் நாற்காலியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டேன். ஒரு கொம்பு ஒடிந்தது.

“எங்கம்மா போற?” என்றார் அப்பா.

“விழுப்புரம். என் கதைய நானே எடுத்துக்கறேன். நீ வர்றதுன்னா வா.”

நேராக வாசலைப் பார்த்து நடந்தேன். நாற்காலிக் கால் இடித்துவிடும் என்று பேரரசர் போர்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.