மிதவைச் சட்டையில் எழுதியிருந்த பெயர்

எங்கள் ஏரிக்கரை ஊரான போர்ட் ஹெர்ரிக்கில் கட்டிலும் பீரோவும் செய்து விற்பவன்தான் சவப்பெட்டியும் செய்வான். பிணத்தைக் கழுவி உடுத்திவிடுவதும் அவன் வேலை. அந்த ஆள் நான், ஈனஸ் ட்ரான்டர். இருபத்தாறு வருஷத் தொழில். கடல் மாதிரி விரிந்து கிடக்கும் ஹியூரான் ஏரி ஒவ்வொரு நவம்பரிலும் ஒன்றிரண்டு பேரைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும். நாங்களும் ஏரியைத் திட்டிக்கொண்டே தூக்கி வந்து அடக்கம் செய்வோம். 1913-ஆம் வருஷம் அது எங்களை மூச்சுவிட விடவில்லை.

வெள்ளிக்கிழமையே புயல் கொடி ஏற்றியாகிவிட்டது. கப்பல் தலைவர்கள் கொடியையும் பார்த்தார்கள், ஞாயிறு காலையில் காற்று கொஞ்சம் ஓய்ந்ததையும் பார்த்தார்கள். ஏரி உறைவதற்குள் இன்னும் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று நவம்பரில் எல்லோருக்கும் ஒரு பேராசை வரும். கிளம்பிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் காற்றும் பனியும் சேர்ந்து அடித்த அடியில், என் கடை வாசலில் நின்றால் எதிர்க்கடை தெரியவில்லை. பதினாறு மணி நேரம் விடாமல் அடித்தது. எங்கள் கடைத்தெருவைவிட நீளமான இரும்புக் கப்பல்கள் ஆளோடு அடியில் போய்விட்டன.

திங்கட்கிழமையிலிருந்து பிணங்கள் வரத் தொடங்கின. என் மனைவியின் தம்பி ஹோசியா குதிரைச் சறுக்குவண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தான். புதன்கிழமைக்குள் என் பட்டறையில் பத்தொன்பது பேர். மேலெல்லாம் பனிக்கட்டி படிந்து, கைகளை மடக்கவே முடியாமல் கிடந்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கப்பல் மூழ்கினால் மிதப்பதற்காக மாட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டை பிணத்தின் மேல் இருக்கும்; அதில் எந்தக் கப்பலின் பெயர் எழுதியிருக்கிறதோ, அந்தக் கப்பல்காரன் என்று தனியே பிரித்து வைப்போம். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். முகம் ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது என்று நானே பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். பதினோரு பேர் 'மார்த்தா கெய்ன்' சட்டையோடு இருந்தார்கள். எல்லைக்கு அப்பால் ஒஹையோவிலிருந்து அந்தக் கப்பல் கம்பெனியின் ஆள் வந்தான், தன் பட்டியலில் இருந்த வயதையும் உயரத்தையும் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் சொன்னான், நான் பெட்டியின் மேல் எழுதி ஆணியடித்தேன். வியாழக்கிழமை ரயிலில் பதினோரு பெட்டியும் போயின. மீதி எட்டுப் பேரில் மூவரை உறவினர்கள் வந்து கொண்டுபோனார்கள். மிதவைச் சட்டை இல்லாமல் வந்த ஐந்து பேர் மட்டும் பட்டறையில் கிடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை திருமதி ரஸ்க் வந்தாள். ஓவன் சவுண்ட் என்ற ஊரிலிருந்து, பனி மூடிய பாதையில் இரண்டு நாள் வண்டியில் வந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் பையன் அலிக் ரஸ்க். 'எல்வாஸ்டன்' கப்பல்ல கொதிகலனுக்குக் கரி தள்றவன். இருபத்திரண்டு வயசு."

"அந்தக் கப்பல்லேர்ந்து ஒருத்தரும் கரைக்கு வரலைம்மா" என்றேன். அந்தப் பெயர் எழுதிய சட்டை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன், பாவி.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாம்பல் நிறக் காலுறை போட்டிருப்பான். குதிகால் ரெண்டும் செவப்பு. எனக்கு நூல் தீந்துபோச்சு, வீட்டுல செவப்பு நூல்தான் இருந்துச்சு. கோமாளி மாதிரி இருக்கேம்மான்னு சிரிச்சுக்கிட்டே போட்டுக்கிட்டுப் போனான்."

புதன்கிழமை அந்தக் காலுறையை நான்தான் கழற்றிக் கழுவினேன். "யாரோ மகராசி பின்னத் தெரியாமப் பின்னியிருக்கா பாரு" என்று ஹோசியாவிடம் கிண்டல்கூட அடித்தேன். மறுபடி அந்தக் காலில் மாட்டி, 'ரூஃபஸ் டில்' என்று எழுதிய பெட்டியில் வைத்து, ஒஹையோவுக்கு அனுப்பிவிட்டேன். எல்வாஸ்டன் பையன் மேல் மார்த்தா கெய்ன் சட்டை எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அன்று அவளிடம் இதைச் சொல்லவில்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லி, விடுதியில் தங்கவைத்துவிட்டுத் தந்தி நிலையத்துக்கு ஓடினேன். சனிக்கிழமை காலையில் ரூஃபஸ் டில்லின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. 'அடக்கம் முடிந்தது. பெட்டியைத் திறக்கவில்லை, திறக்கவும் விடமாட்டோம். அவன் எங்கள் ரூஃபஸ்தான். என் மனைவியை நிம்மதியாக விடுங்கள்.'

அதை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் தந்தியை இரண்டு தடவை படித்தாள்.

"அங்க அவனுக்கு யாரு அழுதாங்க?"

"அந்த ரூஃபஸோட அம்மாதான் அழுதிருப்பாங்க."

"நல்லா அழுதிருப்பாங்களா?"

"தெரியலைம்மா" என்றேன்.

அப்புறம் என்னோடு பட்டறைக்கு வந்தாள். ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் கிடந்தவன் சின்னப் பையன், செம்பட்டை முடி, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அவன் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இவனைக் கேட்டு யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லை. நாளைக்கு அஞ்சு பேருக்கும் ஊர்ச் செலவுல அடக்கம்."

"அப்ப இவனை எனக்குக் குடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. பையனைக் கூட்டிட்டு வா, ஒரு தடவை தொட்டுப் பாக்குறேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நான் வெறுங்கையோட போய், ஒஹையோவுல எவனோ பேருல நம்ம பிள்ளையைப் பொதைச்சுட்டாங்கன்னு சொன்னா அந்த மனுஷன் உசுரோட இருக்கமாட்டாரு. முகம் வேண்டாம். பெட்டியைத் தொட்டுப் பாத்தாப் போதும் அவருக்கு."

ஹோசியா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், ஒனக்குப் பைத்தியமா? நாளைக்கு இவனைத் தேடிக்கிட்டு ஒருத்தன் வந்து நின்னா மூஞ்சிய எங்க வெச்சுக்குவ?"

"ஆறு நாளா வராதவனா இனிமே வரப்போறான்? சும்மா இருடா."

"ஒரு தப்பு பண்ணியாச்சு. இது ரெண்டாவது."

"மொதல்ல பண்ணினதுக்குத்தான்டா இது."

அப்படித்தான் நினைத்தேன். எப்படியும் குழிக்குள் போகிறவன், ஒரு தாய் அழுதுகொண்டே போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். இருந்ததிலேயே நல்ல பெட்டியை எடுத்தேன். 'அலிக் ரஸ்க்' என்று என் கையாலேயே எழுதினேன். இந்தத் தடவை தெரிந்தே எழுதினேன். வண்டியில் ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்து, நீங்க நல்லா இருக்கணும் என்றாள். அடுத்த நாள் மீதி நான்கு பேரை ஏரியைப் பார்த்த மேட்டில் அடக்கம் செய்தோம். ஊரே வந்து பாடியது.

செவ்வாய்க்கிழமை ஜேபஸ் ஹோல்ம் வந்தார். மானிடூலின் தீவில் விவசாயம் பார்ப்பவர், அறுபது வயதிருக்கும். புயலுக்குப் பிறகு தீவுக்கு ஒன்பது நாள் படகே இல்லை, முதல் படகில் ஏறி வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்குள் நின்றார்.

"ஐயா, என் பையன் எஸ்ரா. கடைசிப் பிள்ளை. செம்பட்டை முடி. இங்க ஒரு பல் ஒடைஞ்சிருக்கும்" என்று தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். "அப்படி யாராச்சும் வந்தானா?"

பின்னால் மரம் இழைத்துக்கொண்டிருந்த ஹோசியா கையை நிறுத்திவிட்டான். அவன் என்னைப் பார்ப்பது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓவன் சவுண்டில் குழியைத் தோண்ட வேண்டும். அந்தக் கண் தெரியாத மனுஷனிடம் போய், நீ தொட்டது உன் பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும். விஷயம் ஒஹையோ வரைக்கும் போகும். இதெல்லாம் நல்ல காரணம்தான். ஆனால் நான் பயந்தது எனக்காக. கடை போய்விடும், பெயர் போய்விடும் என்று பயந்தேன். அந்தக் கேவலத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"இல்லைங்க. அப்படி யாரும் வரலை" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்ப இன்னும் ஏரிக்குள்ளதான் இருக்கான். வருவான். நான் இருந்து பாக்குறேன்."

விடுதியில் அறை எடுத்துக்கொண்டார். தினமும் விடிந்ததும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். வடக்கே நான்கு மைல், தெற்கே நான்கு மைல். ஒதுங்கிக் கிடக்கும் பலகை, கட்டை, பனித்திட்டு எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார். சாயங்காலம் என் கடைக்கு வந்து அடுப்போரம் குளிர்காய்ந்துகொண்டே, "இன்னைக்கும் வரலைங்க" என்பார். ஊரில் பாதிரியார் முதல் ரொட்டிக் கடைக்காரன் வரை, வீட்டுக்குப் போங்க பெரியவரே என்று சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? ஹோசியா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

டிசம்பர் இரண்டாம் வாரம். ஓரத்தில் ஏரி உறையத் தொடங்கிவிட்டது. இன்று சொல்லிவிடுவது, வருவது வரட்டும் என்று முடிவு செய்துகொண்டு காலையில் அவரோடு நானும் கரைக்குப் போனேன். அவருக்கு இருமல் பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் நடந்தோம். "ஹோல்ம்" என்று ஆரம்பித்தேன்.

அவர் நின்று என் தோளில் கையைப் போட்டார். "நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது ஐயா. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்ல எல்லாரும் என்னைப் போ, போன்னுதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லலை. அவன் வருவான்னு நீங்களும் நம்புறீங்க. அதுலதான் என் உசுரு ஓடிட்டிருக்கு."

கரை ஓரத்தில் கப்பல் கதவு ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அவர் கம்பியை அதன் அடியில் கொடுத்து நெம்பப் பார்த்தார், அசையவில்லை. "கொஞ்சம் ஒரு கை குடுங்க" என்றார்.

நான் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.