கிரேசியின் உச்சக் குரலும் நாலேகால் மணியும்

அருமனைப் பக்கம் ஒரு சபை மண்டபத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் குமாரதாஸ் மாஸ்டர், கடிகாரம் பிசகாதவர். சனிக்கிழமை நாலு மணிக்கு ஜெபம், அது முடிந்து மெயின் சுவிட்சைப் போட்டதும் சுரம், பிறகு பாட்டு. மூன்றாம் சரணத்தில் தையல்கடை கிரேசி தனியாக உச்சத்துக்கு ஏற வேண்டும். முதல் சனிக்கிழமை அவள் ஏறினாள். மின்விசிறிகள் நின்றன, கீபோர்டு ஊமையானது.

சுவிட்ச் பெட்டியில் டிரிப்பர் விழுந்திருந்தது. மின்கசிவு வந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற கருவி அது. பயந்துபோய் அதைத் தொடாமல், பலாமரத்தடியில் போய்ப் பாடினார்கள். அடுத்த சனி ஜெபம் முடிந்து டிரிப்பரைத் தூக்கிவிட்டுத் தொடங்கினால், அதே சரணத்தில் அதே கதை. மூன்றாம் சனிக்கு வேடிக்கை பார்க்கவே ஆள் வந்துவிட்டது. கிரேசிக்குத் தலைகால் புரியவில்லை. ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "எனக்க சத்தத்த கரண்டு தாங்காது கேட்டியளா" என்றாள்.

நாலாம் சனிக்கிழமை ஜினிஷா வந்தாள். குழுவில் அவளும் ஒருத்தி. டிப்ளமோ படித்து எலக்ட்ரீஷியனாக இருப்பவள். கீரிப்பாறையில் ஒரு கட்டடத்துக்கு வயரிங் செய்யப் போனதால் மூன்று வாரம் வரவில்லை. நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, இன்று கிரேசி வாயை மட்டும் அசைக்கட்டும் என்று மாஸ்டரிடம் சொன்னாள்.

மூன்றாம் சரணம் வந்தது. கிரேசி சத்தமில்லாமல் வாயைத் திறந்தாள். டிரிப்பர் 'டக்'கென்று விழுந்தது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்க்க, மூச்சுக்கூட விடவில்லை என்று கிரேசி சத்தியம் பண்ணினாள். மணி நாலேகால்.

ஜினிஷா டிரிப்பரைத் தூக்கிவிட்டுப் பெட்டி முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மீட்டர் இருந்தது. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை ரேடியோ அலையில் அனுப்பும் கம்பியில்லா மீட்டர். அதைப் பொருத்தியவர்கள் அதன் ஏரியலை டிரிப்பர் பெட்டியின் தலையிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாலரைக்கு மீட்டரில் பச்சை விளக்கு மினுக்கியது. அதே நொடியில் 'டக்'.

கால்மணிக்கொருதரம் மீட்டர் பேசுகிறது, அந்த அலையைக் கசிவென்று நினைத்து டிரிப்பர் விழுகிறது என்று அவள் விளக்கினாள். எல்லாம் கேட்ட மாஸ்டர், டிரிப்பரையே கழற்றிவிட்டு நேராக இணைத்தால் என்ன என்றார். ஜினிஷாவின் சிரிப்பு நின்றது.

"அது ஆளக் காப்பாத்துத சாமானம், மாஸ்டர். அத கழத்திட்டா, இங்க ஒருத்தரையும் மைக்க தொட விடமாட்டேன்."

மாஸ்டர் விலகி வழிவிட்டார். அவள் மெயினை அணைத்து, ஏரியலைப் பிடுங்கி, வயரை நீளமாக இழுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். கசிவு எங்கும் இல்லை என்று சோதித்துப் பார்த்தாள். மெயினைப் போட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டிரிப்பர் ஒழுங்காக விழுந்தது; அதை மறுபடி தூக்கிவிட்டாள். பிறகு எல்லோரும் பெட்டி முன்னால் கூடி, நாலே முக்காலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பத்து நொடியை மாஸ்டரே எண்ணினார்.

பச்சை விளக்கு மினுக்கியது. விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாஸ்டர் கையிலிருந்த பாட்டுத்தாள்கள் மண்டபமெங்கும் பறந்தன. கிரேசி ஜினிஷாவின் இடுப்பைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள். உன் பெருமை போய்விட்டதே, வருத்தமில்லையா என்று யாரோ அவளிடம் கேட்டார்கள்.

"பெரும கெடக்கட்டு மக்கா. மூணு வாரமா நான் பயந்துல்லா பாடினேன்" என்றாள் கிரேசி, மூச்சிரைக்க.

அதற்குப் பிறகு அன்று ஒரு சரணம்கூடப் பாடி முடியவில்லை. கடிகாரம் பிசகாத மாஸ்டர் மணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.