கோயிலில் வாசித்த ஓலை

ஆணும் ஆணும் விரும்பினால் குற்றமில்லை என்று தில்லி கோர்ட் தீர்ப்புச் சொன்ன மறுநாள், காக்களூர் கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர் ஞானராஜின் பிரசங்கம் ஓயவே இல்லை.

"எல்லாம் டிவி பண்ற வேலை. எங்க காலத்துல இந்தக் கருமம் ஏதுய்யா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னால் அந்த ஊசிப்போன ரசத்துக்கும் தலையாட்டுகிற கூட்டம்.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அவர் தங்கை கிரேஸ் கரண்டியை வாளியிலேயே போட்டாள்.

"எனக்கு நீ கட்டி வெச்ச ஆளு யாருண்ணே? பொம்பளையே புடிக்காதவருன்னு தெரிஞ்சிக்கினே, கண்ணாலம் ஆனா சரியாப்பூடும்னு கட்டி வெச்ச. கோயில்ல என் கண்ணால ஓலைய படிச்சி, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு பாதர் கேட்டாரே, அப்போ முன்னாடி பெஞ்சுல ஊமையாட்டம் குந்திக்கினு இருந்துட்டு, இப்ப இன்னா பேச்சு?"