டீ கிளாசில் ரியூஹான்

ரியூஹானின் பிறந்தநாளன்று அவன் முகம் அச்சடித்த அட்டை வளையங்கள் ஐம்பதும் மதியத்துக்குள் லாரி டிரைவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்றே ஒன்றாவது மாலை நான்கு மணிக்கு எனக்கு வேண்டியிருந்தது.

ரியூஹான் கொரியாவில் ஐந்து பேர் பாடி ஆடும் குழுவின் கடைக்குட்டி. ரோஸ் நிறத் தலைமுடி. பிறந்தநாளில் அவன் ரசிகர்கள் ஏதாவது ஒரு கடையைப் பிடித்து, கப்பைச் சுற்றி அவன் படம் போட்ட அட்டை வளையம் மாட்டி காபி கொடுப்பார்கள். வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு அட்டையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மணிலாவில் நடக்கிறது, சென்னையில் நடக்கிறது. தூத்துக்குடியில் மட்டும் ஏன் நடக்கக் கூடாது? ஹார்பர் ரோட்டில் எங்கள் அப்பா நயினாருக்கே டீக்கடை இருக்கிறதே.

கல்யாணக் கார்டு அடிக்கும் பிரஸ்ஸில் கொடுத்தேன். பிரஸ்காரர் கைப்பழக்கத்தில் ரியூஹானின் தலைக்கு மேல் பிள்ளையார் சுழி போட்டு, சுற்றிலும் மாவிலை ஓரம் கட்டி, கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும் ரம்யா’ என்று என் பெயரையும் சேர்த்துவிட்டார். எனக்கும் ரியூஹானுக்கும் கல்யாணம் மாதிரி இருந்தது. அதனால் நான் திருத்தச் சொல்லவில்லை.

இன்ஸ்டாகிராமில் அழைப்புப் போட்டேன். பதில் வந்தது ஒன்றே ஒன்று. ‘காயல்பட்டினத்திலிருந்து ஸஹ்லா. நாலு மணிக்கு வருவேன். எனக்கு ஒன்று எடுத்துவையுங்கள், ப்ளீஸ்.’ நான்கு வருடங்களாக ரியூஹானைப் பற்றிப் பேச பிரேசிலில்கூட எனக்கு ஆள் உண்டு. பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஒருவரும் கிடையாது. அந்த ப்ளீஸை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெட்டியை அப்பாவிடம் கொடுத்து, நாலு மணிக்குத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் பெட்டிக்குள் டீயில் நனைத்துத் தின்னும் வறுக்கி இருந்தது.

“அட்டை எங்கப்பா?”

“சும்மாதானளா கெடந்துது. லாரிக்கார மாசானம் கிளாஸ் சுடுதுன்னான். ஒண்ணைச் சுத்திக் குடுத்தேன்.”

“மத்த நாப்பத்தொம்பது?”

“மத்தவனுக்குச் சுடாதா?”

நடந்ததை அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் விடியற்காலையிலிருந்தே டிரெய்லர்கள் கேட்டிலிருந்து எங்கள் கடையைத் தாண்டி வரிசையில் நின்றிருக்கின்றன. மாசானம் டீயைக் குடித்துவிட்டு, அட்டையைத் துடைத்து முன் கண்ணாடியில் திருச்செந்தூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அதே நொடியில் வரிசை மூன்று லாரி தூரம் நகர்ந்திருக்கிறது.

“பெறவு எவனும் டீ கேக்கலளா. படம் போட்ட டீதான் கேட்டான். செல்வதுரைக்கு சுகரு, டீயே தொடமாட்டான். அவனே வாங்கிக் குடிச்சிட்டான்னா பாத்துக்கோ.”

வெயிலில் வரிசையை நோக்கி ஓடினேன். முதலில் அகப்பட்டது செல்வதுரைதான்.

“கழட்டவா? நல்லா இருக்கே. கேட்டு தொறக்கட்டும் தாயி, பெறவு பேசுவோம்.”

அடுத்த லாரிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதற்கடுத்தவர் தூங்குவதுபோல் நடித்தார். கேட்டுக்குப் பக்கத்தில் மாசானம் கண்ணாடி முழுக்கத் திறந்து வைத்திருந்தார். ரியூஹானின் நெற்றியில் சந்தனப் பொட்டு.

“இவரு எந்தூரு சாமி, தாயி?”

“சாமி இல்ல மாமா. பாட்டுக்காரரு.”

“முடி பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கே?”

“சாயம் அடிச்சிருக்காரு.”

“மேல பிள்ளையார் சுழி போட்டிருக்கே?”

“அது பிரஸ்காரரு தெரியாமப் போட்டுட்டாரு.”

“தெரியாமப் போட்டா மட்டும் பவர் இல்லாமப் போயிருமா?”

போன் அதிர்ந்தது. ‘ஆட்டோவில் வந்துகிட்டு இருக்கேன்’ என்றாள் ஸஹ்லா. அவளிடம் முதலில் என்ன பேசுவது என்று இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உன் அட்டை லாரியில் ஒட்டியிருக்கிறது என்பது அந்த ஒத்திகையில் இல்லை. வாங்கிய கையோடு திரும்பிப் போய் என்னை பிளாக் செய்துவிடுவாள். வாங்கவும் ஒன்றுமில்லையே.

ஸஹ்லா கறுப்பு அபாயாவில், பையின் வாரில் ரியூஹான் பேட்ஜ் மின்ன வந்து இறங்கினாள்.

“உம்மாகிட்ட பேக்கரியில மக்ரூன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அட்டை எங்க?”

“எல்லாம் லாரிக்குப் போயிட்டு” என்றேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

“லாரிக்கா?”

“வா, காட்டுதேன்.”

மேற்கு வெயில் லாரிகளின் முகத்தில் விழுந்திருந்தது. முதல் கண்ணாடியில் ரோஸ் தலை. அடுத்ததிலும் ரோஸ் தலை. வளைவு வரைக்கும் முருகனுக்கும், மாதாவுக்கும், தொங்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பக்கத்தில் ரியூஹான் சிரித்துக்கொண்டிருந்தான். ஸஹ்லா போட்ட கூச்சலில் தூங்குவதாக நடித்தவர் நிஜமாகவே துள்ளி எழுந்தார்.

“மணிலாவுல கூட இப்படி வச்சதில்லையே!” என்று வீடியோ எடுத்தபடி வரிசை நெடுக ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓட்டம் திரும்ப கேட் பக்கம் வந்து, மாசானத்தின் லாரியில் முடிந்தது.

“பாட்டுக்காரருன்னா ஒரு பாட்டு போடுங்க பாப்போம்” என்றார் மாசானம்.

ஸஹ்லா தன் போனை அவர் லாரியின் புளூடூத்தில் இணைத்தாள். கோயில் திருவிழாவுக்கு வைக்கிற அளவு ஸ்பீக்கர். ரியூஹான் கொரிய மொழியில் உருகத் தொடங்கினான். “என்ன தாயி சொல்லுதான்?” என்று பாட்டுக்கு இறங்கி வந்த செல்வதுரை கேட்டார். “என்னைக் காக்க வைக்காதேன்னு சொல்லுதாரு” என்றேன். அது உண்மைதான்.

“நம்ம கேஸ்தான்லே!” என்று செல்வதுரை தொடையில் தட்டினார்.

இரண்டாவது சரணத்தில் யார்டின் கேட் திறந்தது.

ஒரே ஆரவாரம். எஞ்சின்கள் உறுமின. மாசானம் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், என்ன நினைத்தாரோ, கண்ணாடியிலிருந்து அட்டையை மெதுவாக உரித்து ஸஹ்லாவிடம் நீட்டினார்.

“எனக்குக் கேட்டு தொறந்துட்டு. நீ வச்சுக்கோ. எங்கயாவது மாட்டிக்கிட்டா இவரு தொறந்து விடுவாரு.”

ஹாரன் அடித்துக்கொண்டே லாரிகள் எங்களைக் கடந்து போயின. ஸஹ்லா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் டீக்கறை, நெற்றியில் சந்தனம்.

“பொட்டைப் பாத்து உம்மா கேட்டா என்ன சொல்ல?”

“கொரியாவுல இப்பம் இதான் ஃபேஷன்னு சொல்லு.”

அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து கண்ணாடித்தாள் உறையை எடுத்து, மடங்காமல் உள்ளே வைத்தாள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது அப்பா காலிப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இத்தனை டீ ஒருநாளும் ஓடியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“ஏளா, அஞ்சு பேருன்னுதான சொன்ன? அடுத்தவனுக்குப் பொறந்தநாள் எப்பம்?”

“செப்டம்பர் ஒம்பது” என்றோம் ஸஹ்லாவும் நானும் ஒரே நேரத்தில். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“சரி” என்றார் அப்பா. “பிரஸ்காரன்கிட்டச் சொல்லு, சுழியை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடட்டும்.”