தலைப்பு இல்லாத தாள்

எங்கள் குளத்தை வளைத்துக்கொண்டவர்கள் முதலில் செய்த காரியம் அதற்குப் பெயர் வைத்ததுதான். நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு குடும்பம், பின்னால் கடல் மாதிரி நீலத் தண்ணீர், கீழே கொட்டை எழுத்தில் 'வெள்ளி ஏரி: சொந்த ஏரியோடு சொந்த வீடு'. அந்த ஏரியை நான் மண்வெட்டியால் வெட்டியிருக்கிறேன். எண்பத்து மூன்றாம் வருடம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அச்சகத்து நாற்பத்தெட்டுக் குடும்பங்கள். கொசு பிடுங்கித் தின்றது. யாரும் பாடிக்கொண்டு வெட்டவில்லை. என் கணவர் ரொதியோன் இடுப்பளவு சேற்றில் நின்று எங்கள் தோட்டக் கூட்டுறவையும் அதன் நிர்வாகத்தையும் மழையையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் வெட்டினோம். மணல் மேட்டில் ஆளுக்கு அறுநூறு சதுர மீட்டர் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் அதில் முள்தான் முளைக்கும்.

அன்றிலிருந்து எங்கள் தோட்டக் குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் அந்தக் குளத்திலிருந்துதான். அக்டோபரில் குழாய்களை வடித்துவிட்டு பம்பை அணைப்போம், மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை திறப்போம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இது வார இறுதித் தோட்டம். எனக்கு வீடே இதுதான். மாஸ்கோ வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஆறு வருடமாகக் குளிர்காலத்திலும் இங்கேயே கிடக்கிறேன். நகரத்திலிருந்து போய்விட்டேன் என்று நினைத்தேன். நகரம் என் பின்னாலேயே வந்தது. முதலில் அரசுப் பண்ணையின் உருளைக்கிழங்கு வயல் மூன்று மாடி வீடுகளானது. பிறகு பிர்ச் காடு. பிறகு நாங்கள்.

நான் முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். மற்றவர்கள் படிக்காமல் விடுவதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால்தான் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போன வருடம் தண்ணீர் திறக்கும் நாளில் வழக்கம்போல எல்லோரும் குழாய் நெடுகிலும் நின்றிருந்தோம். பனியில் எந்த இடத்தில் குழாய் வெடித்திருக்கிறதோ அங்கே தண்ணீர் பீய்ச்சும். உடனே நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும், கந்தலைச் சுற்றி இரும்புப் பட்டையால் இறுக்க வேண்டும். கைகள் விறைத்து, முழங்கால் வரை சேறாக இருக்கும்போது ரிம்மா வந்தாள். கூட்டுறவின் தலைவி. எனக்கு அடுத்த தோட்டம், நடுவே ராஸ்பெர்ரிப் புதர்தான் எல்லை, அவளும் குளிர்காலத்தில் இங்கேதான் இருப்பாள். அச்சகத்தில் திட்டப் பிரிவில் இருந்தாள். முப்பது வருடப் பழக்கம். ஒரு ஒட்டுப்பலகையில் தாளைச் செருகி ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். பம்பு பழுதுக்காக என்று சொன்னாள். நான் பார்த்தேன். வரிசை எண், தோட்ட எண், பெயர், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். மேலே மூன்று விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"தலைப்பு எங்க ரிம்மா?" என்று கேட்டேன்.

"ரிட்டயர் ஆகி இத்தன வருஷமாச்சு, இன்னும் தப்புக் கண்டுபிடிக்கிற வியாதி போகலையாடி உனக்கு? போடு கையெழுத்த. தண்ணி வருது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினேழாவது வரியில் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் குளத்தங்கரையில் இரும்புக் கால்கள் முளைத்தன. அக்டோபரில் பச்சை நிறத் தகரத் தடுப்பு ஏறியது. பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கிப் பார்த்தபோது அந்த மூன்று விரல் வெள்ளைக்குத் தலைப்பு வந்திருந்தது. மே மாதம் பதினொன்றாம் தேதி கூடிய பொதுக்கூட்டம், வந்திருந்தவர்கள் நாற்பத்தோரு பேர், குளத்தையும் கரையையும் வெள்ளி ஏரி நிறுவனத்துக்கு மாற்றித்தர ஒருமனதாக முடிவு. ஒருமனதாக. அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

ரிம்மாவின் மகன் இப்போது வெள்ளி ஏரிக்கு மேலாளர். அதைத் தவிர அவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ராஸ்பெர்ரிப் புதருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். குளிர்காலம் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வீட்டிலும் புகை போய்க்கொண்டிருந்தது.

கூட்டுறவு உறுப்பினர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அமர்த்திய வக்கீல் சின்ன வயதுக்காரர், அவசரக்காரர். கையெழுத்தே எங்களுடையதில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. ஏமாந்தோம் என்று சொல்வதைவிட, போலி என்று சொல்வது கௌரவமாக இருந்தது. கையெழுத்து நம்முடையதுதான், கூட்டம்தான் பொய், அதைச் சொல்வோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நாற்பது பேர் ஒன்று சொல்லும்போது நீ மட்டும் வேறு சொல்லிக் காரியத்தைக் கெடுக்காதே என்றார்கள். அச்சகத்தின் முன்னாள் அச்சுக்கோப்பாளர் யெஃபிம், ரொதியோனோடு சேர்ந்து சேற்றில் நின்றவர், அவர்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஒரு தடவை வாயைத் திறக்காதே என்று கெஞ்சினார். திறக்கவில்லை. நீதிமன்றத்தில் என்னைக் கேட்டபோது ஞாபகமில்லை என்றேன். எனக்கு எப்போதும் மௌனம் சுலபமாக வரும். அதை ஒரு குணம் என்று நினைத்திருந்தேன்.

கையெழுத்து நிபுணர் நாற்பத்தொன்றும் உண்மையானவை என்று எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் நடுவில் வழக்குத் தோற்றது. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம். இனிமேல் எதை வைத்து மேலே போவது என்று வக்கீல் கையை விரித்தார். போலி என்று சொன்ன வாயால் ஏமாந்தோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எழுத்தில் ஏதாவது வேண்டும், அதுவும் பலர் சேர்ந்து எழுதியது வேண்டும் என்றார். யாரும் எழுதித் தரவில்லை. எழுதித் தந்தால் நீதிமன்றத்தில் பொய் சொன்னதாக ஆகிவிடுமாம்.

இந்த வருடத் தண்ணீர் நாள் வந்தது. கெடு முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

வெள்ளி ஏரிக்காரர்கள் பெரிய மனது பண்ணி எங்கள் உறிஞ்சு குழாயைத் தடுப்புக்கு அடியில் விட அனுமதித்திருந்தார்கள். தற்காலிகமாக. பம்பு அறைக்குப் புதுப் பூட்டு. சாவி ரிம்மாவின் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. மே மாதத்துக்கு அன்று அநியாய வெயில். மாஸ்கோ அடுக்குமாடி ஜன்னல்களில் இரண்டு மாதம் வளர்த்த தக்காளி நாற்றுகளை எல்லோரும் ரயிலிலும் காரிலும் கொண்டுவந்திருந்தார்கள். அட்டைப் பெட்டிகளில் அவை தலை தொங்கிக் கிடந்தன.

ரிம்மா பம்பு அறை வாசலில் அதே ஒட்டுப்பலகையோடு நின்றாள். தாளில் கையெழுத்து முடிந்தால்தான் பம்பு ஓடும் என்றாள். யாரோ எதற்கு என்று கேட்டார்கள். கூட்டுறவு ஆவணத்துக்கு என்றாள். வழக்கம்போல முதல் வரியில் தன் கையெழுத்தைப் போட்டு ஆரம்பித்து வைத்தாள்.

நான் வரிசையின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போட்டார்கள். குளத்தைப் பறிகொடுத்து, வழக்கில் தோற்று, தீர்ப்பு நகலின் மை காய்வதற்குள், அதே பலகையில், அதே பெண்ணின் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. ரிம்மா மேல் வந்த கோபத்தைவிட அவர்கள் மேல் வந்தது பெரிது. அவர்கள் மேல் வந்ததைவிட, போன வருடம் சிரித்துக்கொண்டு நின்ற என் மேல் வந்தது பெரிது. நெடுஞ்சாலைப் பலகையில் புது நுழைவுச் சாலை ஒன்றைப் புள்ளிக்கோடாக வரைந்திருந்தார்கள். அது எங்கள் சந்து வழியாகத்தான் ரயில் நிறுத்தத்துக்குப் போகிறது. அந்தச் சாலைக்கான தலைப்பும் எங்கோ தயாராக இருக்கும்.

என் முறை வந்தது. பலகையை வாங்கினேன். மேலே மூன்று விரல் வெள்ளை.

பம்பு அறைச் சுவர் ஓரம் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, பலகையை முழங்கால்மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன். மெய்ப்பு ஓரத்தில் எழுதுகிற பொடி எழுத்து, மூன்று விரலுக்குள் அடங்கியது. ரிம்மா முதலில் நான் பெயர் எழுதுகிறேன் என்றே நினைத்திருக்க வேண்டும். முடித்துவிட்டு எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன்.

"போன வருஷம் மே பதினொண்ணாம் தேதி இங்க எந்தக் கூட்டமும் நடக்கல. குளத்தப் பத்தி யாரும் பேசல, யாரும் ஓட்டுப் போடல. தண்ணி திறக்கிறதுக்குன்னு சொன்னதால கையெழுத்துப் போட்டோம். கீழ கையெழுத்துப் போட்டவங்க இதுக்குச் சாட்சி."

பலகையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"இது உண்மை," என்றேன். "ரிம்மா உங்ககிட்ட படிச்சுக் காட்டல, நான் படிச்சுக் காட்டுறேன். அவ மாதிரி உங்களத் திருட எனக்கு வேணாம். உண்மையில்லன்னு நினைக்கிறவங்க வந்து உங்க பேர அடிச்சிட்டுப் போங்க. பேனா இங்க இருக்கு."

"தாளக் குடு," என்றாள் ரிம்மா.

கொடுக்கவில்லை.

"அப்ப இன்னிக்குத் தண்ணி கிடையாது." அவள் என்னிடம் சொல்லவில்லை, அவர்களிடம் சொன்னாள்.

நான் காத்திருந்தேன். ஒருவராவது ரிம்மாவின் பக்கம் திரும்பிச் சாவியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். நாற்பது பேர், அவள் ஒருத்தி, கழுத்தில் ஒரு கயிறு. கடைசியில் அசைந்தது மூன்றாம் சந்து ஃபைனா. நேராக என்னிடம் வந்தாள்.

"உன் ஒருத்தி வீம்புக்கு என் நாத்தெல்லாம் வெயில்ல கருகணுமா?" என்றாள். "குளம் போச்சு, போனது போனதுதான். நீ இங்கயே கிடக்கிறவ, உனக்கு வேற வேலை இல்ல. நாங்க நாளைக்கு ரயில் ஏறணும்."

பேனாவை அழுத்தித் தன் பெயரை அடித்தாள். தாள் கிழிந்தது.

அதன் பிறகு வரிசை வந்தது. கையெழுத்துப் போட நின்றதைவிட ஒழுங்கான வரிசை. ஒவ்வொருவருக்கும் நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிலர் தலைகுனிந்து அடித்தார்கள். ஒருவர் மன்னிச்சுக்கோ தைசியா என்று முணுமுணுத்தபடி அடித்தார். ஒரு தம்பதி, யார் முதலில் அடிப்பது என்று கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுவிட்டு அடித்தார்கள். ஆயுள் முழுவதும் பிழையை அடித்திருக்கிறேன். பிழை தன் கையால் உண்மையை அடிப்பதை அன்றுதான் பார்த்தேன். யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

யெஃபிம் கடைசியாக வந்தார். பேனாவை வாங்கித் தன் பெயரைத் தேடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய், நான் எழுதியதை முதலிலிருந்து வாயசைத்துப் படித்தார்.

"கோர்ட்ல நின்னு இது என் கையெழுத்தே இல்லன்னேன்," என்றார். "இப்ப மறுபடியும் இல்லங்கணுமா? போதும்மா. ஜெயில்ல போடுறதா இருந்தா போடட்டும், அங்கயாவது தண்ணி ஒழுங்கா வரும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருக்குக் கீழே கடைசி வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"முடிஞ்சுதா நாடகம்?" என்றாள் ரிம்மா.

"முடியல," என்றேன். "முதல் வரி உன்னோடது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் தாளைப் பார்த்தாள். தலைப்புக்கு நேர் கீழே, வட்ட வட்டமாக, திட்டப் பிரிவில் ஆயிரம் தாளில் போட்ட அவளுடைய கையெழுத்து.

"நீயே அடி அத."

"அது உன் பேரு. உன் கையால அடி. அடிக்கும்போது சொல்லு, கூட்டம் நடந்துதுன்னு. இத்தன பேரும் கேக்கட்டும்."

பேனாவை நீட்டினேன். வாங்கினாள். முனை அவள் பெயருக்கு மேலே நின்றது. காதோரம் வியர்வை இறங்கியதைப் பார்த்தேன். இந்தப் பெண் ரொதியோனின் சாவுக்கு மூன்று நாள் என் அடுப்பில் சமைத்தவள். அது எனக்கு நினைவுக்கு வந்தது, வந்தபோது கோபம் குறையவில்லை, கூடியது. வேண்டாம் என்றோ அடி என்றோ கூட்டத்திலிருந்து அவளுக்குத் துணையாக ஒரு குரல் வரவில்லை. அவர்களுக்கு இப்போது வேண்டியது தண்ணீர் மட்டும்தான். அவளும் அதைப் புரிந்துகொண்டிருப்பாள்.

"இத வச்சு நீ என்னத்தக் கிழிச்சிரப் போற," என்றாள். பேனாவை என் காலடியில் போட்டுவிட்டுத் திரும்பி, கழுத்துக் கயிற்றைக் கழற்றாமலேயே குனிந்து பூட்டைத் திறந்தாள்.

பம்பு உறுமியது. எல்லோரும் தங்கள் தங்கள் குழாயைப் பார்க்க ஓடினார்கள். ஒரு நிமிடத்தில் அந்த இடம் காலியாகிவிட்டது.

நான் தாளை உருவி மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்தேன். கோடு கோடாக அடிபட்டுக் கிடந்த பெயர்களுக்கு நடுவே மூன்று பெயர்கள் அடிபடாமல் இருந்தன. யெஃபிமுடையது, என்னுடையது, கூட்டத்தைக் கூட்டியதாகச் சொல்லப்படும் தலைவியுடையது. பலர் வேண்டும் என்றார் வக்கீல். இந்த மூன்றாமவள் ஒருத்தி போதுமா இல்லையா என்று அவரே சொல்லட்டும். வக்கீலிடம் போக அடுத்த ரயில் எப்போது என்று யெஃபிம் கேட்டார். நான்கு பத்துக்கு ஒன்று இருக்கிறது என்றேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

அவர் வந்ததும் பச்சைத் தடுப்பை ஒட்டிய சந்தில் ரயிலுக்கு நடந்தோம். பாதி வழியில் என் தோட்டத்திலிருந்து சத்தம் கேட்டது. இலையுதிர் காலத்தில் நீரை வடித்தபோது திறந்த குழாயை நான் மூடவே இல்லை. மூடாமல் விடுகிறவர்களை ஒவ்வொரு மே மாதமும் திட்டுகிறவளும் நான்தான். தண்ணீர் முழு வேகத்தில் வெற்றுப் பாத்தியில் விழுந்து, சந்துக்கு வழிந்து, ரிம்மாவின் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"தைசியா, உன் குழாய்," என்றார் யெஃபிம்.

"தெரியும்," என்றேன். நிற்காமல் நடந்தேன்.