தவக்காலத்தில் செய்த பாட்டு செட்

உர்சுலா வீட்டிலேயே பாட்டு செட் செய்கிறாள் என்ற செய்தி, செட் முடிவதற்கு முன்பே சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. முதலில் சிரித்தவர் கணவனின் அண்ணன் ஆம்ப்ரோஸ். சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் அவர் வீட்டில் ஜப்பான் செட் ஒன்று பூப்போட்ட துணிக்குள் இருக்கிறது. அதில் பாட்டு கேட்பதைவிட அந்தத் துணியைத் துவைத்துப் போடுவதுதான் அதிகம். தொழிற்சாலையில் டிவிக்குச் சாலிடர் வைப்பவள் செட்டே செய்துவிடுவாளா என்று கேட்டார். உர்சுலா தன் வேலையைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் சாலிடர் வைத்த கைக்கு வாய் எதற்கு?

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ரெக்கார்டு. 1974இல் கோயில் பாடகர் குழு வெளியிட்டது. அதில் முன்னின்று பாடியவன் அவள் கணவன் சவரிராஜ். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. மிஞ்சியது கரகரத்த ஒரு கிசுகிசுப்பு. அன்றிலிருந்து வெளியாள் முன்னால் அவன் வாய் திறப்பதில்லை. அண்ணன் கேட்டாலும் தலையாட்டல்தான். அந்தப் பழைய குரல் கிளமெண்டி வீட்டில் எல்லா அறையிலும் கேட்க வேண்டும், கேசட்டிலும் ஏற வேண்டும் என்று உர்சுலா ஒற்றைக் காலில் நின்றாள்.

கடையில் விற்கிற செட்டுக்கு அவர்கள் சம்பளம் எட்டாது. ரெக்கார்டு சுழற்றும் தட்டும் கேசட் டெக்கும் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் கிடைத்தன. ஆம்ப்ளிஃபயரை அவளே சாலிடர் வைத்தாள். யாரோ கீழே தூக்கிப்போட்ட அலமாரிப் பலகை மூன்று ஸ்பீக்கர் பெட்டிகளாயிற்று. கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. ஒரு அறைக்கு ஒரு பெட்டிதான் என்பதால் ரெக்கார்டின் இடது பக்க ஒலியையும் வலது பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பினாள்.

எல்லாம் முடிந்தபோது, ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஈஸ்டர் வரைக்கும் அந்த வீட்டில் பாட்டு கிடையாது. செய்தி கேட்கலாம். ஆகவே ரேடியோவை மாட்டி செய்தியை வைத்தே செட்டைச் சோதித்தாள். ஐந்து வாரம் மூன்று அறையிலும் வானிலை அறிக்கை கணீரென்று கேட்டது. ரெக்கார்டை ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? உர்சுலாவுக்குத் தெரியுமே! வைக்கவில்லை.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து ஆம்ப்ரோஸ் குடும்பமும் பழைய பாடகர் குழுவில் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். உர்சுலா கேசட்டைப் போட்டு, ரெக்கார்டின் மேல் முள்ளை வைத்தாள். ஆர்கன் கேட்டது. வயலின் கேட்டது. சவரிராஜின் குரல் வர வேண்டிய இடம் வந்தது, போனது. குரல் வரவில்லை. வாத்தியம் மட்டும் மூன்று அறையிலும் ஜோராக வாசித்துக்கொண்டிருந்தது.

"ரெக்கார்டு பழசு லா. குரல் தேஞ்சு போச்சு," என்றார் ஆம்ப்ரோஸ்.

சவரிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். தொண்டையில் போனது ரெக்கார்டிலும் போய்விட்டது என்று அவன் நம்பிவிட்டான். அதைப் பார்த்ததும் உர்சுலா முள்ளைத் தூக்கினாள். புத்தி வேலை செய்தது.

"தேஞ்சா எல்லாம்தான் அத்தான் தேயும். குரல் மட்டும் எப்படித் தேயும்?" என்று ஆம்ப்ரோஸிடம் கேட்டாள்.

பாடுகிறவன் குரல் இடமும் வலமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். வாத்தியங்கள்தான் ஆளுக்கொரு பக்கம். ஒரு பக்கத்து வயரைத் தலைமாற்றிக் கொடுத்துவிட்டால், இரண்டையும் சேர்க்கும்போது குரலும் குரலும் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். முள்ளுக்குப் பின்னால் தலைமுடி போல நாலு வயர், பக்கத்துக்கு இரண்டு; அதில் வலது பக்கத்தை மாற்றி மாட்டியிருந்தாள். ரேடியோ அந்த வழியாக வருவதில்லை. அதனால்தான் ஐந்து வாரமும் தப்பு தெரியவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்து வந்து, சிவப்பு வயரையும் பச்சை வயரையும் இடம் மாற்றினாள். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, முள்ளை மறுபடி வைத்தாள்.

குரல் வந்தது. இருபத்தெட்டு வயது சவரிராஜ் கூடத்திலும் படுக்கையறையிலும் அடுப்படியிலும் ஒரே நேரத்தில் பாடினான். பாடகர் குழுவில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. உர்சுலா கணவனைப் பார்க்காமல் டெக்கில் பதிவின் அளவு காட்டும் முள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்தால் அழுதுவிடுவாள்.

பாட்டு முடிந்தது. ஆளுக்கொரு கேசட் எடுத்துத் தருவாயா என்று குழுவினர் கேட்டார்கள். ஆம்ப்ரோஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்து, இது எந்த நாட்டு செட் என்று தம்பியைக் கேட்டார். கிண்டலா, வழக்கமா, அவருக்கே தெரியாது.

சவரிராஜ் தலையாட்டவில்லை. எழுந்து நின்றான்.

"என் பொண்டாட்டி செஞ்ச செட்டு, அண்ணே," என்றான், அந்தக் கரகரத்த குரலிலேயே, அத்தனை பேருக்கும் கேட்கும்படி.